மண்டாய்க்குப் போகிற செலவு

அன்பு மகளுக்கு,

டிசம்பரில் எல்லாரும் சிங்கப்பூருக்கு வருகிறீர்கள் என்றதும் அப்பா உன் பழைய அறையைக் காலி செய்யத் தொடங்கிவிட்டார். பெட்டி பெட்டியாக எதையோ வெளியே எடுத்து வைக்கிறார், மறுபடி உள்ளே கொண்டுபோய் வைக்கிறார். அது கிடக்கட்டும். மண்டாய் மிருகக்காட்சிசாலை விஷயத்துக்கு வருகிறேன். எட்டுப் பேர், தலைக்கு ஐம்பது வெள்ளி, மொத்தம் நானூறு, அதனால் வேண்டாம் என்று ஒரே வரியில் முடித்துவிட்டாய். பெர்த்தில் வீட்டுக் கடன் கட்டிக்கொண்டு இரண்டு பிள்ளைகளையும் வளர்க்கிற சிரமம் எனக்குத் தெரியாதா? ஆனால் உன் கணக்கு சரியில்லை, பாப்பா.

சின்னவளுக்கு இன்னும் மூன்று வயது ஆகவில்லை, அவளுக்கு டிக்கெட்டே கிடையாது. பெரியவனுக்குப் பிள்ளைகள் கட்டணம். அப்பாவும் நானும் அறுபதைத் தாண்டியவர்கள், அடையாள அட்டையை (ஐசி) காட்டினால் எங்களுக்குப் பாதி விலைகூட வராது. நீயும் இன்னும் இந்த ஊர் ஐசி வைத்திருப்பவள்தானே, உனக்கும் உள்ளூர்க்காரர் விலை உண்டு. முழு விலை கொடுக்க வேண்டியவர்கள் மாப்பிள்ளையும் சம்பந்தி இருவரும் மட்டும்தான். திருச்சியிலிருந்து வருகிறவர்களுக்கு அதைக் குறைக்க வழியில்லை, அதை நினைத்து மனதைக் குழப்பிக்கொள்ளாதே. அந்த மூன்று டிக்கெட்டை நாங்கள் வாங்குகிறோம். மாப்பிள்ளையிடம் இதைச் சொல்ல வேண்டாம், விட மாட்டார்.

அப்பா, "நான் வரலே, அந்தக் காசுல பிள்ளைங்களுக்குப் பொம்மை வாங்கு" என்கிறார். அவர் பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளாதே. உள்ளே போனால் வெளியே வர மாட்டேன் என்பவர் அவர்தான்.

அங்கே காசு உண்மையில் எங்கே கரைகிறது என்று சொல்கிறேன், கேள். டிக்கெட்டுக்குக் கொடுப்பது வீட்டிலேயே தெரிந்த தொகை. அதற்கு மேல் ஆகிற செலவெல்லாம் மதியம் பன்னிரண்டுக்கு மேல்தான். பிள்ளை களைத்து அழும், ஐஸ்கிரீம் வாங்குவோம். கால் வலிக்கும், தள்ளுவண்டி வாடகைக்கு எடுப்போம். பசி பொறுக்காது, உள்ளே இருக்கிற கடையில் என்ன விலை என்றுகூடப் பார்க்காமல் எட்டுத் தட்டு சொல்வோம். கடைசியில் டாக்சி. களைத்துப்போன குடும்பம்தான் காசைக் கொட்டும். அதனால் களைப்பதற்கு முன்னால் கிளம்பிவிடுவோம். என் திட்டம் மொத்தமும் இவ்வளவுதான், மற்றதெல்லாம் இதற்கு ஏற்பாடு.

வார நாளாகப் பார். டிசம்பரில் பள்ளி விடுமுறை, சனி ஞாயிறு என்றால் மிருகத்தைவிட ஆள்தான் அதிகம் தெரியும். டிக்கெட்டை முன்கூட்டியே இணையத்தில் நாள் குறித்து எடுத்துவிட வேண்டும். எட்டரைக்குத் திறப்பார்கள். காலை நேரத்தில்தான் விலங்குகள் நடமாடும், வெயில் ஏறிவிட்டால் நம்மைப் போல அவையும் நிழல் தேடிப் படுத்துவிடும். அதோடு டிசம்பர் மழை உனக்குத் தெரியாததா? மதியத்துக்கு மேல் வானம் எப்போது இருட்டும் என்று சொல்ல முடியாது. ஒரு மணிக்கு வெளியே வந்துவிட்டால் மழைக்கும் பயமில்லை, பிள்ளைகளின் தூக்கமும் கெடாது.

போவது பஸ்ஸில்தான். அங் மோ கியோ முனையத்திலிருந்து 138 நேரே வாசலுக்கே போகிறது. அது அப்பர் தாம்சன் சாலை வழியாகத்தான் போகும் என்பதால் நடுவில் ஸ்பிரிங்லீஃபில் இறங்கி ஆளுக்கு இரண்டு புரோட்டா சாப்பிட்டுவிட்டு அடுத்த 138இல் ஏறிக்கொள்ளலாம். அங்கே உள்ள எம்ஆர்டி ரயில் நிலையம் 2021இல்தான் திறந்தது, நீ இங்கே இருந்தபோது கிடையாது. புரோட்டாக்கடை மட்டும் அப்படியே இருக்கிறது. சம்பந்தி நம்ம ஊர் புரோட்டாவைப் பார்த்து, "இது என்ன, அப்பளம் மாதிரி மொறுமொறுன்னு இருக்கு, இதுவா புரோட்டா?" என்று கேட்பார். கேட்கட்டும். மீன் கறியை ஊற்றியதும் பேச்சு நின்றுவிடும். எட்டுப் பேரும் வயிறு நிறையச் சாப்பிட்டாலும் உள்ளே ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு ஆகிறதில் பாதிகூட ஆகாது.

சின்னவளின் தள்ளுவண்டியைப் பெர்த்திலிருந்தே கொண்டுவா. முன்பு பஸ்ஸில் ஏறும்போது ஒரு கையில் பிள்ளை, ஒரு கையில் மடித்த வண்டி என்று அல்லாடுவோமே, அந்தப் பாடு இப்போது இல்லை. 2017 முதல் மடிக்காமலே ஏற்ற விடுகிறார்கள். அடித்தட்டில் துண்டு, மாற்றுச் சட்டை, மழைக்கோட்டு, தண்ணீர்ப் போத்தல் எல்லாம் வைத்துக்கொள்ளலாம். போத்தலை உள்ளேயே நிரப்பிக்கொள்ள இடம் உண்டு, தண்ணீருக்கு ஒரு காசு கொடுக்கக் கூடாது. கொறிக்கிறதுக்கு முறுக்கும் பிஸ்கட்டும் நான் எடுத்து வருகிறேன். ஆனால் எதையும் பிளாஸ்டிக் பையில் தொங்கவிடாதே. மண்டாய்ப் பக்கம் காட்டுக் குரங்குகள் பையின் சத்தத்தை வைத்தே சாப்பாடு என்று தெரிந்துகொள்ளும். சம்பந்தியம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவை, பாவம் என்று பழம் எடுத்து நீட்டிவிடப் போகிறார். இங்கே காட்டு விலங்குக்குத் தீனி போடுவது சட்டப்படி குற்றம். 2020இல் சட்டத்தைக் கடுமையாக்கிவிட்டார்கள், முதல் தடவைக்கே 5,000 வெள்ளி வரை அபராதம் போடலாம். நாம் மிச்சம் பிடித்ததெல்லாம் ஒரு வாழைப்பழத்தில் போய்விடும்.

உள்ளே போனதும் எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்று மாப்பிள்ளை வரைபடத்தை விரித்துக்கொண்டு நிற்பார். சம்பந்தி வண்டலூர் பார்த்தவர், "எங்க ஊர்ல அறுநூறு ஹெக்டேர்" என்பார். உண்மைதான். இது முப்பது ஹெக்டேர்கூடக் கிடையாது. ஆனால் இங்கே விலங்கு நமக்குப் பக்கத்தில் நிற்கும். கம்பி அடைத்த கூண்டுகளை வரிசையாக வைக்காமல், நமக்கும் அதற்கும் நடுவில் அகழியை வெட்டி, அகழி கண்ணில் படாதபடி செடியை வளர்த்திருக்கிறார்கள். சிலேத்தார் நீர்த்தேக்கத்தை ஒட்டிய அந்தக் காட்டில் இப்படி ஒன்று வேண்டும் என்று முதலில் நினைத்தவர் பொதுப் பயனீட்டுக் கழகத் தலைவராக இருந்த ஓங் சுவீ லாவ். வடிவமைக்க வந்தவர் கொழும்பு தெஹிவளை மிருகக்காட்சிசாலையின் இயக்குநர் லின் டி அல்விஸ். 1973 ஜூன் 27இல் திறந்தார்கள். அதனால் நான்கைந்து இடத்தில் நிதானமாக நின்றாலே போதும் என்று மாப்பிள்ளைக்கு நீதான் சொல்ல வேண்டும். நான் சொன்னால் மரியாதைக்குத் தலையாட்டிவிட்டு நடந்துகொண்டே இருப்பார்.

எங்கே நிற்கலாம் என்றால், முதலில் ஒராங் ஊத்தான். போன தடவை அக்கம்பக்கத்துப் பிள்ளைகளோடு போயிருந்தேன், தூறல் போட்டது. நாங்கள் எல்லாரும் குடையைத் தேடிக்கொண்டிருந்தபோது மேலே மரத்தட்டில் இருந்த ஒன்று கோணிப்பையை எடுத்து நிதானமாக விரித்துத் தலையில் போட்டுக்கொண்டு எங்களைக் குனிந்து பார்த்தது. முன்பு அங்கே இருந்த ஒராங் ஊத்தான் ஆ மெங்கை நினைத்துக்கொண்டேன். நீ அதன் பக்கத்தில் பயந்துகொண்டு நிற்கிற படம் இன்னும் அலமாரியில் இருக்கிறது. ஆ மெங் 2008 பிப்ரவரியில் இறந்தபோது அஞ்சலிக்கு ஆயிரக்கணக்கில் சனம் போனது. இப்போது அங்கே அதற்குச் சிலை இருக்கிறது, பெரியவனை அதன் பக்கத்தில் நிற்க வைத்து ஒரு படம் எடு.

நீ கட்டாயம் கேட்பாய் என்று தெரியும்: இனுக்கா இல்லை. உன் வயதுதான் அதற்கும், 1990 டிசம்பரில் பிறந்தது, வெப்ப மண்டலத்தில் பிறந்த முதல் பனிக்கரடி. 2018 ஏப்ரலில் முதுமையால் ரொம்பவும் சிரமப்பட்டது, மயக்கத்திலேயே போக விட்டுவிட்டார்கள். இனிப் பனிக்கரடி கொண்டுவருவதில்லை என்று அதற்குப் பல வருடம் முன்பே முடிவெடுத்திருந்தார்கள். எனக்கு அது சரியாகத்தான் பட்டது. இந்த வெக்கையில் அதற்கு என்ன வேலை?

அப்புறம் நீள்மூக்குக் குரங்கு. மூக்கு வாய்க்கும் கீழே தொங்கும், சாப்பிடும்போது அதைக் கையால் ஒதுக்கிக்கொள்ளும். பெரியவன் சிரித்துச் சிரித்துக் கீழே விழப் போகிறான். கடைசியாக அந்த மூடிய மழைக்காட்டுக் கூடம். இரண்டு கதவு தாண்டி உள்ளே போனதும் கண்ணாடி ஆவி பிடித்துக்கொள்ளும், அப்பாவை முதலில் துடைக்கச் சொல். தலைக்கு மேலே பழந்தின்னி வௌவால் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு பப்பாளித் துண்டை இரண்டு இறக்கைக்கும் நடுவில் பிடித்துச் சாப்பிடும். சாறு சொட்டும், தள்ளி நில். அதன் முகம் நாய்க்குட்டி முகம். வண்ணத்துப்பூச்சி சட்டையில் வந்து உட்காரும், அதற்காகவே சின்னவளுக்குப் பளிச்சென்று ஒரு சட்டை போட்டுவிடு. என்னைக் கேட்டால் கொடுத்த காசு அந்தக் கூடத்துக்கே சரியாகப் போயிற்று. மாமாவும் அத்தையும் டிராமில் உட்கார்ந்தபடியே வரலாம், மாமாவின் முழங்கால் தாங்காது.

ஒட்டகச்சிவிங்கிக்குக் கேரட் ஊட்டுவதற்குத் தனிக் காசு. பெரியவனுக்கு மட்டும் ஒரு தடவை வாங்கிக்கொடு, அதைக் கேட்காமல் அவன் நகர மாட்டான். வெளியே வரும் வழியில் பொம்மைக் கடை வரும். காலையிலேயே அவன் கையில் பத்து வெள்ளி கொடுத்து, இன்று முழுக்க உனக்கு இவ்வளவுதான் என்று சொல்லிவிடு. தன் காசு என்று வந்துவிட்டால் பிள்ளைகள் எவ்வளவு கெட்டிக்காரர்கள் என்று பார்.

இரண்டு மூன்று பூங்காவுக்குச் சேர்த்து டிக்கெட் எடுத்தால் மலிவு என்று போட்டிருப்பார்கள். அதில் விழாதே. இரண்டு வயதுப் பிள்ளையை வைத்துக்கொண்டு பாண்டா, பறவை, இரவுச் சஃபாரி என்று அலைந்தால் யாருக்கும் ஒன்றும் மனதில் நிற்காது. அதற்குப் பதில் இன்னொரு நாள் காலையில் சுங்கை பூலோ சதுப்புநிலத்துக்குப் போவோம், அங்கே நுழைவுக் கட்டணமே கிடையாது. டிசம்பரில் வடக்கிலிருந்து பறவைகள் வந்திருக்கும், சேற்றில் உடும்பு நடக்கும், அதிர்ஷ்டம் இருந்தால் முதலை. நம் வீட்டுப் பக்கத்துப் பீஷான் பூங்காவில் அதிகாலையில் போனால் நீர்நாய்க் குடும்பமும் கண்ணில் படலாம்.

சம்பந்திக்குப் பழைய கதை பிடிக்குமே, பஸ்ஸில் போகும்போது சொல்ல ஒன்று வைத்திருக்கிறேன். மண்டாய்க்கு முன்பே இந்த ஊரில் மிருகக்காட்சிசாலை நடத்தியவர் நம்ம ஆள், இந்திய வம்சாவளி வணிகர், பசாப்பா என்று பெயர். முதலில் சிராங்கூன் சாலையில் வைத்திருந்து, 1920களின் கடைசியில் பொங்கோலுக்குக் கொண்டுபோனார். ஒரு வங்கப் புலியை நாய் மாதிரி கூடவே அழைத்துக்கொண்டு திரிவாராம். 1942இல் ஜப்பான்காரன் வரப்போகிற நேரம், பிரிட்டிஷ் படைக்கு அந்த இடம் வேண்டும் என்று ஒரு நாள் அவகாசம் கொடுத்தார்களாம். அவரால் முடியவில்லை, படையினர் மிருகங்களைச் சுட்டுவிட்டார்கள். மனிதர் அடுத்த வருடமே போய்ச் சேர்ந்தார். சிராங்கூன் சாலையில் தேக்கா மார்க்கெட்டுக்கு நடக்கும்போதெல்லாம் அந்தப் புலி ஞாபகம் எனக்கு வரும்.

சரி, மதியச் சாப்பாடு. ஒரு மணிக்கு 138 ஏறினால் பிள்ளைகள் இரண்டும் பஸ்ஸிலேயே தூங்கிவிடும். அங் மோ கியோ உணவங்காடியில் சாப்பிடுவோம், அரசு கொடுத்த சிடிசி பற்றுச்சீட்டில் எங்களுக்கு இன்னும் மிச்சம் இருக்கிறது, டிசம்பர் முடிவதற்குள் செலவழிக்க வேண்டும். சம்பந்தியம்மா சைவம் என்பதால் அவருக்கு வீட்டிலிருந்தே தயிர்சாதம் கட்டி எடுத்துக்கொள்கிறேன், சூடு ஆறினாலும் பரவாயில்லை என்பார்.

என்றைக்கு வருகிறீர்கள் என்று தேதியைச் சீக்கிரம் சொல், டிக்கெட் எடுக்கணும். உன் ஐசி எங்கே வைத்திருக்கிறாய் என்று இப்போதே தேடிப் பார். பெரியவனின் செருப்பு அளவையும் அனுப்பு, தேக்காவில் அவனுக்கு ஒரு மழைச் செருப்பு பார்த்து வைத்திருக்கிறேன். அப்பா கேட்கச் சொன்னார், மாப்பிள்ளைக்கு வெங்காயப் புரோட்டா பிடிக்குமா, முட்டைப் புரோட்டாவா?

அன்புடன்,
அம்மா