பச்சைக் கோட்டுக்குப் பின்னால்

அமெரிக்காவில் நடக்கும் மாஸ்டர்ஸ் கோல்ஃப் போட்டி பற்றித் தங்கள் நாளிதழின் விளையாட்டுப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். போட்டியை நடத்தும் அகஸ்டா நேஷனல் கிளப்பின் அழகையும், வென்றவருக்கு அணிவிக்கும் பச்சைக் கோட் என்ற மேலங்கியையும் வர்ணித்த கட்டுரை, அந்தக் கிளப் யாரை வெளியே நிறுத்தியிருந்தது என்பதைச் சொல்லாமல் விட்டது பெரிய குறை. 1934-இல் தொடங்கிய போட்டியில் லீ எல்டர் என்ற முதல் கறுப்பின வீரர் ஆட 1975 ஆகிவிட்டது. ஆனால் 1982 வரை வீரர்களின் பையைச் சுமந்தவர்கள் கறுப்பினத் தொழிலாளர்களே. கறுப்பினத்தவர் ஒருவர் உறுப்பினரானது 1990-இல்தான். பெண்களுக்கு 2012-இல்தான் கதவு திறந்தது. இந்த வரலாறும் விளையாட்டுச் செய்திதான்.

வியாசர்பாடியில் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கால்பந்து சொல்லித்தருகிறேன். அவர்களில் ஒருவர்கூட கோல்ஃப் மட்டையைத் தொட்டுப் பார்த்ததில்லை. சென்னையின் கோல்ஃப் கிளப்புகள் கோடை விடுமுறையில் வடசென்னைப் பிள்ளைகளுக்கு இலவசப் பயிற்சி முகாம் நடத்தட்டும். தங்கள் நாளிதழ் அதை முன்னின்று வலியுறுத்த வேண்டும்.

- கால்பந்துப் பயிற்சியாளர், வியாசர்பாடி, சென்னை-39