'மலையகம்' என்ற பெயரில் யாருக்கு என்ன மனக்குறை?

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

சில வாரங்களுக்கு முன் உங்கள் வாசகர் பகுதியில் ஒரு கடிதம் வந்திருந்தது. இந்தியாவிலிருந்து இலங்கையின் மலைத் தோட்டங்களுக்கு வந்தவர்களின் பிள்ளைகளான நாம் 'மலையகத் தமிழர்' என்ற பெயரை அழுத்திச் சொல்வது, இதே மலையில் தலைமுறை தலைமுறையாக வாழும் சிங்கள மக்களின் மனதைப் புண்படுத்துகிறது, ஆகவே பழையபடி 'இந்தியத் தமிழர்' என்றே இருந்துவிட்டுப் போவோம் என்று அதை எழுதியவர் கேட்டிருந்தார். நல்ல எண்ணத்தோடுதான் எழுதியிருக்கிறார். ஆனால் எனக்கு அது ஒப்பவில்லை. பக்கத்தில் இருப்பவர் நோகிறார் என்றால் காதுகொடுத்துக் கேட்கத்தான் வேண்டும். அதற்காகப் பெயரையே விட்டுக்கொடுக்க வேண்டுமா?

நான் தலவாக்கலைப் பக்கம் ஓர் உப தபாலகத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவள். 1972 மே மாதத்தோடு 'சிலோன்' என்ற பெயர் போய் நாடு 'ஸ்ரீலங்கா' ஆகிவிட்டது. ஆனாலும் 1964 ஒப்பந்தத்தின்படி இந்தியாவுக்குக் கப்பலேறிப் போன நம் சனம் கூடலூரிலிருந்தும் கோத்தகிரியிலிருந்தும் எழுதும் கடிதங்களில் வெகுகாலம் 'சிலோன்' என்றே விலாசம் இருக்கும். வாசிக்கத் தெரியாத அம்மாமாருக்கு அந்த நீல ஏரோகிராமை ஓரம் கிழியாமல் பிரித்து நான்தான் வாசித்துக் காட்டுவேன். 'இங்கே எங்களைச் சிலோன்காரன் என்கிறார்கள்' என்ற வரி எத்தனையோ கடிதங்களில் வந்திருக்கிறது. கேட்டுக்கொண்டு நிற்கும் அம்மாவின் பிறப்புப் பத்திரத்திலோ, இனம் என்ற இடத்தில் 'இந்தியத் தமிழ்' என்று எழுதியிருக்கும்.

1911 குடிசன மதிப்பீட்டில் எங்களைத் தனியாகப் பிரித்து 'இந்தியத் தமிழர்' என்று போட்டார்கள். 1948 இன் பிரஜாவுரிமைச் சட்டம் எங்களை நாடற்றவர்களாக்கியதும் எங்களை இந்தியர் என்று ஒதுக்கித்தான். 1964 இல் 9 இலட்சத்து 75 ஆயிரம் பேரை இலங்கை, இந்தியா இரண்டு அரசாங்கங்களும் உட்கார்ந்து பங்குபோட்டன. 5 இலட்சத்து 25 ஆயிரம் அங்கே, 3 இலட்சம் இங்கே, மிச்சம் ஒன்றரை இலட்சத்தைப் பிறகு பார்த்துக்கொள்வோம் என்றார்கள். எங்களில் ஒருவரையும் கேட்கவில்லை. இதெல்லாம் அந்தப் பெயரோடு வந்தது என்பதால்தான் அது எங்களுக்குக் கசக்கிறது. இந்தியா மீது எங்களுக்கு ஒரு வெறுப்பும் கிடையாது.

'கள்ளத்தோணி', 'தோட்டக்காட்டான்' என்ற பெயர்களையும் நாங்கள் கேட்டு வளர்ந்தோம். அப்படிக் கூப்பிட்டவர்களில் தமிழ் பேசுகிறவர்களும் உண்டு. உங்களுக்கு நோகுமா என்று அவர்கள் யாரும் விசாரித்ததில்லை.

சரி, பெயரால் பக்கத்தவர் நொந்த விஷயத்துக்கு வருகிறேன். இதில் மாசிடோனியாவைவிடப் பெரிய உதாரணம் எனக்குத் தெரியவில்லை. 1991 இல் யூகோஸ்லாவியா உடைந்தபோது ஸ்கோப்ஜேயைத் தலைநகராகக் கொண்ட சின்ன நாடு தன்னை மாசிடோனியா என்றது. தெற்கே இருக்கும் கிரேக்கருக்கு அது பொறுக்கவில்லை. தெசலோனிக்கி நகரம் இருக்கும் அவர்களுடைய வட பகுதிக்கும் மாசிடோனியா என்றுதான் பெயர். மகா அலெக்சாந்தர் தங்கள் மூதாதை என்று நினைக்கிறவர்கள் அவர்கள். இன்றைக்குப் பெயரை எடுத்தவன் நாளைக்கு நிலத்தையும் கேட்பான் என்று பயந்தார்கள். 1993 இல் ஐக்கிய நாடுகள் சபை அந்த நாட்டை 'முன்னாள் யூகோஸ்லாவிய மாசிடோனியக் குடியரசு' என்ற தற்காலிகப் பெயரில்தான் சேர்த்துக்கொண்டது. அடுத்த வருடம் கிரேக்கம் எல்லையை அடைத்துச் சரக்குப் போக்குவரத்தை நிறுத்தியது. 2008 இல் நேட்டோ இராணுவக் கூட்டணியின் வாசலிலும் மறித்தது. ஒரு பெரிய நாடு சின்ன நாட்டின் வயிற்றில் கைவைத்துப் பெயரை மாற்றச் சொன்னது அநியாயம் என்பதே என் எண்ணம். ஸ்கோப்ஜேக்காரரும் சும்மா இருக்கவில்லை. விமான நிலையத்துக்கு அலெக்சாந்தர் பெயர் வைத்தார்கள். நகரத்தின் நடுவில் குதிரைமேல் ஒரு வீரனின் பெரிய சிலையை நிறுத்தினார்கள். கிரேக்கரின் பயத்துக்கு அவர்களே தீனி போட்டார்கள்.

கடைசியில் 2018 ஜூனில் பிரெஸ்பா ஏரிக்கரையில் ஒப்பந்தம் ஆனது. 'வட மாசிடோனியா' என்ற பெயர் வந்ததுதான் எல்லோருக்கும் தெரியும். எனக்குப் பெரிதாகப் படுவது அதற்குள் எழுதியிருக்கும் விஷயங்கள். மாசிடோனியா என்றால் தங்களுக்கு எது, பக்கத்தவருக்கு எது என்று இரு தரப்பும் தனித்தனியாக எழுதிக்கொண்டன. மொழியின் பெயர் மாசிடோனிய மொழி என்றே நின்றது. அது தெற்கு சிலாவிய மொழிகளில் ஒன்று என்று கூடவே ஒரு வரி சேர்த்தார்கள். ஒருவர் நிலத்தை மற்றவர் கேட்பதில்லை என்றும் எழுதி ஒப்பமிட்டார்கள். பயம் எதைப் பற்றியதோ அதைப் பெயர் சொல்லி எழுதியதால்தான் விஷயம் முடிவுக்கு வந்தது. எழுதாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு வளைகுடா இருக்கிறது. நம் பிள்ளைகள் வீட்டுவேலைக்குப் போகும் நாடுகளில் அது அரபு வளைகுடா, எதிர்க்கரை ஈரானில் பாரசீக வளைகுடா. பதக்கத்தில் எந்தப் பெயரைப் பொறிப்பது என்ற தகராறிலேயே 2010 இல் ஈரானில் நடக்கவிருந்த இஸ்லாமிய நாடுகளின் விளையாட்டுப் போட்டி நின்றுபோனது. நம் தேயிலையை வாங்கிக் குடிப்பதில் இரண்டு கரைக்கும் ஒரு சண்டையும் இல்லை.

இனி எங்கள் மலைக்கு வருகிறேன். என்னோடு வேலை செய்த சிங்களத் தபால்காரர் ஒருவர் இன்றைக்கும் வீட்டுக்கு வந்துபோவார். கொத்மலைக்காரர். 2023 இல், எங்கள் சனம் இந்த நாட்டுக்கு வந்து 200 வருடம் ஆனதை நினைத்துத் தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை நடந்துபோனார்களே, அந்தப் படத்தைப் பேப்பரில் பார்த்துவிட்டு என்னிடம் நேராகவே கேட்டார். "அக்கே, மலையகம் மலையகம் என்கிறீர்கள். அப்படியென்றால் எங்கள் உடரட்டவுக்கு நீங்கள் வேறு பெயர் வைத்துக்கொள்கிறீர்களா?"

உடரட்ட என்பது கண்டி மலைநாட்டுக்குச் சிங்களத்தில் உள்ள பெயர். அவர் கேட்டதில் எனக்குக் கோபம் வரவில்லை. 1840 இல் வெள்ளைக்காரன் சட்டம் போட்டு, உறுதிப் பத்திரம் காட்ட முடியாத காணியெல்லாம் அரசாங்கத்துக்கு என்று எடுத்துத் தோட்டங்களுக்கு விற்றான். கண்டிச் சிங்களக் குடியானவர்களுக்கு அந்த வடு இன்னும் ஆறவில்லை. இவருடைய ஊரோ கொத்மலை நீர்த்தேக்கத்துக்குள் போய்விட்டது. சொந்தக்காரர்கள் மகாவலி குடியேற்றங்களுக்குப் பெட்டி படுக்கையோடு போனார்கள். காணி என்ற பேச்சு எடுத்தாலே அவர் முகம் மாறும்.

தம்பி என்ற உரிமையோடு நான் சொன்னேன்: "மல்லி, நாங்கள் மாகாணம் கேட்கவில்லை. உடரட்ட என்று நீங்கள் சொல்வதை நிறுத்தச் சொல்லவும் இல்லை. லயத்து வரிசை அறைக்குப் பதிலாக ஏழு பேர்ச் காணியில் ஒரு வீடு, அதற்கு எங்கள் பெயரில் ஒரு உறுதி, வீட்டு வாசலுக்குக் கடிதம் வருகிற மாதிரி ஒரு விலாசம். இவ்வளவுதான்." விலாசம் என்றதும் அவருக்குப் புரிந்தது. லயத்துக் கதவுக்கு இலக்கம் கிடையாது. கடிதமெல்லாம் கட்டாகத் தோட்ட ஆபீசுக்குத்தான் போகும். அங்கே மேசையில் கிடந்து, நேர்முகப் பரீட்சைத் திகதி கழிந்த பிறகு கடிதம் கைக்குக் கிடைத்த பிள்ளைகளை அவருக்கும் தெரியும். அந்தக் கட்டுகளைச் சுமந்துபோனவரே அவர்தான்.

கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "இதை எங்கள் பாஷையில் யாரும் எழுதவில்லையே அக்கே" என்றார். அவர் வாசிக்கும் பேப்பரில் மலையகம் என்ற சொல் வருவதே சம்பளப் போராட்டம், மண்சரிவு, தேர்தல் சமயங்களில் மட்டும்தானாம்.

ஆகவே முந்திய கடிதத்தை எழுதிய அன்பருக்கு நான் சொல்வது இதுதான். நாங்களே எங்களுக்கு வைத்துக்கொண்ட ஒரே பெயர் மலையகத் தமிழர். யாரையும் இந்த மலையைவிட்டு இறங்கச் சொல்லி அதை வைக்கவில்லை. அரசாங்கப் பத்திரங்களிலும் பழைய பெயரோடு இதையும் சேர்த்துப் போடும் வழக்கம் இப்போதுதான் வந்திருக்கிறது. இந்த நேரத்தில் நாமே பின்வாங்குவது பெரிய தவறு.

உங்களிடமும் ஒன்று கேட்க வேண்டும், ஆசிரியர் அவர்களே. உங்கள் பத்திரிகையில் ஒரு பக்கத்தில் 'மலையகத் தமிழர்' என்றும் அடுத்த பக்கத்தில் 'இந்திய வம்சாவளியினர்' என்றும் போடுகிறீர்கள். தயவுசெய்து ஒரே பெயராகப் போடுங்கள். உங்களுக்குத் தெரிந்த சிங்களப் பத்திரிகை ஆசிரியர்களோடு பேசி, இந்தப் பெயரால் நாங்கள் எதைக் கேட்கிறோம், எதைக் கேட்கவில்லை என்று சிங்களத்தில் ஒரு கட்டுரை வரச் செய்யுங்கள். உடரட்ட மக்களின் பதிலையும் தமிழில் போடுங்கள், அவர்கள் எங்களைக் கடிந்து எழுதினாலும் பரவாயில்லை. கட்டுரை வந்தால் தபால்காரருக்கு ஒரு பிரதி நான் வாங்கிக் கொடுப்பேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உப தபாலதிபர்,
தலவாக்கலை