மேசைமேல் கவிழ்ந்து கிடக்கும் நான்காவது சீட்டு

வேளச்சேரி,
சென்னை.

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் போன செவ்வாய்க்கிழமை வந்து சேர்ந்தது. மகனுக்கு வேலை கிடைத்துப் பெங்களூரு போய்விட்டான் என்ற செய்தியைப் படித்து வீட்டில் மூவரும் மகிழ்ந்தோம். அதற்கு அடுத்த வரியிலேயே, மதுரை வீட்டில் இனி நீயும் தங்கச்சியும் மட்டும்தான் என்று எழுதிவிட்டு, விடுதியில் நாம் எட்டுப் பேர் விடிய விடிய ஆடிய துரோகி ஆட்டத்தை இரண்டு பேர் ஆட வழி உண்டா என்று கேட்டிருந்தாய். அந்தக் கேள்விக்கு ஒரு வரியில் பதில் எழுத எனக்கு மனம் வரவில்லை. இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக நானே இதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

நாம் ஆடியது வேறொன்றும் இல்லை, சின்ன வயதில் திண்ணையில் துண்டுச் சீட்டு எழுதிப் போட்ட ராஜா ராணி ஆட்டம்தான். அதில் போலீஸ் சீட்டு எடுத்தவன் தன்னைச் சொல்லிவிட்டுத் திருடனைத் தேடுவான். விடுதிக்கு வந்த பிறகு போலீசையும் எடுத்துவிட்டு, எல்லோரும் மந்திரிகள், அவர்களில் ஒருவன் துரோகி, பேசிப் பேசியே அவனைக் கண்டுபிடிக்க வேண்டும் என்று மாற்றிக்கொண்டோம். கிட்டத்தட்ட இதே ஆட்டத்தை மாஸ்கோ பல்கலைக்கழகத்தில் உளவியல் படித்த திமித்ரி தவிதோவ் 1986இல் உருவாக்கினார் என்பதும், அது மாஃபியா என்ற பெயரில் உலகம் முழுக்கப் பரவியது என்பதும் எனக்கு வெகு நாள் கழித்துத்தான் தெரியவந்தது. விவரம் தெரிந்த சிலருக்கும் விவரம் தெரியாத பலருக்கும் இடையே நடக்கும் போர் அது. எட்டுப் பேரில் துரோகி ஒருவன் என்றால், ஒவ்வொருவனும் மற்ற ஏழு பேரை அளந்து பார்க்கலாம். ஒருவன் பொய் சொன்னால் இன்னொருவன் குறுக்கிடுவான். கூட்டம்தான் அந்த ஆட்டத்தின் உயிர்.

இரண்டு பேர் உட்கார்ந்தால் கூட்டம் இல்லை. ஒருவர் துரோகி என்று விதியே சொல்லிவிட்டால், நான் இல்லை என்று எனக்குத் தெரிந்த நொடியில் எதிரே இருப்பவர்தான் என்பதும் தெரிந்துவிடுகிறது. மூன்று பேர் என்றாலும் பெரிய மாற்றம் இல்லை. இருவரில் ஒருவர் என்று பூவா தலையா போட்டுப் பார்ப்பதோடு முடிந்துவிடும். உன்னைப் போலவே நானும் இங்கேதான் முட்டிக்கொண்டு நின்றேன்.

வழி காட்டியது சபோட்டர் என்ற சீட்டாட்டம். 2004இல் வெளிவந்த அதில், தங்கச் சுரங்கம் தோண்டுகிறவர்களுக்கு நடுவே, கூட இருந்தே குழி பறிக்கிற ஒருவன் ஒளிந்திருப்பான். மூன்று பேர் ஆடும்போது தோண்டுகிறவர் சீட்டு மூன்றையும் குழி பறிப்பவர் சீட்டு ஒன்றையும் கலைத்து, ஆளுக்கு ஒன்று கொடுத்து, மிஞ்சிய நான்காவது சீட்டை யாரும் பார்க்காமல் கவிழ்த்து ஒதுக்கி வைக்க வேண்டும் என்பது விதி. துரோகி அந்த ஒதுக்கிய சீட்டாகவே இருக்கலாம். அப்படியானால் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் மூவரும் நல்லவர்கள், ஆனால் அது மூவருக்கும் தெரியாது. இந்த விதியைப் படித்த அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. ஆள் குறைவாக இருக்கும்போது துரோகி யார் என்ற கேள்வி பலவீனமானது. துரோகி இருக்கிறாரா என்ற கேள்விதான் பலமானது. இரண்டு மூன்று பேர் ஆடும் உட்பகை ஆட்டம் எதுவானாலும், அந்த வெளிச் சீட்டின் மேல்தான் நிற்க முடியும் என்று உறுதியாக நம்புகிறேன்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எங்கள் தெருவில் தண்ணீர் ஏறி நின்றதும் மின்சாரம் இல்லாமல் நாங்கள் முதல் மாடியில் கிடந்ததும் உனக்குத் தெரியும். அந்த நாட்களில்தான் மெழுகுவத்தி வெளிச்சத்தில் ஒரு பழைய சீட்டுக்கட்டை வைத்துக்கொண்டு இந்த ஆட்டத்தை அமைத்தோம். அதற்கு ஏரிக்கரை என்று பெயர் வைத்தவள் மகள். மழைக்காலம் வந்தால் இந்த ஊரில் செம்பரம்பாக்கம் ஏரியின் நீர்மட்டத்தைக் கிரிக்கெட் ஸ்கோர் போல ஒவ்வொரு மணி நேரமும் விசாரிப்பார்கள். அதன் முழு உயரம் 24 அடி. எங்கள் ஆட்டத்திலும் 24 அடிதான் எல்லை. நீர்மட்டம் 25ஐத் தொட்டால் கரை உடைந்தது என்று பொருள். நீர்மட்டத்தைக் காட்ட, மகளின் பழைய 30 சென்டிமீட்டர் அளவுகோலும் ஒரு புளியங்கொட்டையும் போதும். ஒரு சென்டிமீட்டர் நகர்த்தினால் ஒரு அடி.

விதிகளை நிதானமாகப் படி. ஆர்ட்டின், டைமண்ட், கிளாவர் ராஜாக்கள் மூன்றும் கரைக்காவலர்கள். இஸ்பேட் ஜாக்கி உட்பகை. யார் யார் என்ன வேடம் என்று சொல்லும் பாத்திரச் சீட்டுகள் இவை. இந்த நான்கையும் கலைத்து ஆளுக்கு ஒன்று கொடுத்துவிட்டு, மிஞ்சியதைக் கவிழ்த்து அளவுகோலுக்குப் பக்கத்தில் வை. பிறகு ஆஸ் முதல் பத்து வரையிலான நாற்பது சீட்டுகளை மட்டும் கலைத்து, ஆளுக்கு மூன்று கொடு. எண்ணைப் பார்க்க வேண்டியதில்லை, நிறம் மட்டுமே கணக்கு. சிவப்பு ஒன்று மதகைத் திறந்து ஒரு அடி குறைக்கும். கறுப்பு ஒன்று ஒரு அடி ஏற்றும். ஒவ்வொரு சுற்றிலும் ஆளுக்கு ஒரு சீட்டைக் கவிழ்த்துப் போட வேண்டும். கட்டின் மேலிருந்து ஒரு சீட்டை யாரும் பார்க்காமல் அதோடு சேர்த்துக் கலைத்துத் திறக்க வேண்டும். அதன் பிறகு மழைக்கு என்று ஒரு அடி தானாக ஏறும். அடுத்த சுற்றுக்கு முன் ஆளுக்கு ஒரு சீட்டு எடுத்துக்கொள்ளலாம். 20 அடியில் தொடங்கி எட்டுச் சுற்று தாக்குப்பிடித்தால் காவலர்களுக்கு வெற்றி. மூன்று பேர் ஆடினால் நாற்பதில் முப்பத்தெட்டுச் சீட்டுகள் தீர்ந்து, கட்டில் இரண்டுதான் மிஞ்சும். ஆகவே எத்தனை கறுப்பு போயிற்று என்று எண்ணிக்கொண்டே வருகிறவருக்குக் கடைசிச் சுற்றுகளில் நல்ல பிடி கிடைக்கும். கையில் இருப்பதைப் பற்றி எதை வேண்டுமானாலும் சொல்லலாம், சீட்டைக் காட்டத்தான் கூடாது.

கட்டிலிருந்து வரும் அந்த ஒரு சீட்டு எதற்கு என்று நீ கேட்பாய். 2008இல் வந்த பேட்டில்ஸ்டார் கலாக்டிகா என்ற பலகை விளையாட்டில், ஒவ்வொரு சோதனையின்போதும் ஆட்டக்காரர்கள் போடும் சீட்டுகளோடு பொதுக் கட்டிலிருந்து இரண்டு சீட்டுகள் கலக்கும். கெட்ட சீட்டு வந்தால் அது யாரோ போட்டதா, தானாக வந்ததா என்று சொல்ல முடியாமல் போவதற்காகத்தான் அந்த ஏற்பாடு. துரோகி ஒளிந்துகொள்ள ஒரு மறைவிடம் வேண்டும். மறைவிடம் இல்லாவிட்டால் முதல் சுற்றிலேயே பிடிபடுவார்; அதிகமாகிவிட்டால் காவலர்கள் யோசித்துப் பயனில்லை. மூவருக்கு ஒரு சீட்டு சரியாக இருக்கிறது.

குற்றம் சாட்டும் விதியைக் கடைசியாகச் சேர்த்தோம். ஆட்டத்துக்கு ருசி வந்ததே அதன் பிறகுதான். மூன்றாம் சுற்று முடிந்த பிறகு, ஆட்டத்துக்கு ஒரே ஒரு முறை, யாரும் யாரையும் சுட்டலாம். மூவர் ஆட்டத்தில் மூன்றாமவரும் ஒப்புக்கொள்ள வேண்டும். சுட்டப்பட்டவர் தன் சீட்டைத் திருப்பிக் காட்டுவார். ஜாக்கி என்றால் நீர் மூன்று அடி இறங்கும், அவருக்குப் பதில் கட்டுச் சீட்டே ஆடும். ராஜா என்றால் இரண்டு அடி ஏறும்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்ததை உனக்குச் சொல்லியே ஆக வேண்டும். என்னிடம் கிளாவர் ராஜா. முதல் சுற்றில் மூன்று சிவப்பு, ஒரு கறுப்பு. நீர் 19க்கு இறங்கியது. அடுத்த நான்கு சுற்றுகளிலும் இரண்டுக்கு இரண்டாகவே வந்தது. இரண்டாம் சுற்றில் கறுப்புப் போட்டது நான்தான், கையில் வேறு இல்லை. ஆனால் மூன்று, நான்கு, ஐந்தாம் சுற்றுகளில் நான் போட்டது சிவப்பு. அப்படியென்றால் என் மனைவி, மகள் இருவரில் ஒருவராவது ஒவ்வொரு முறையும் கறுப்புப் போட்டிருக்கிறார்கள். புளியங்கொட்டை 23இல் நின்றது. "என் கையில் கறுப்பு மட்டும்தான் வந்துகொண்டிருக்கிறது" என்று மனைவி மூன்று சுற்றாகச் சொல்லிக்கொண்டேயிருந்தாள். துரோகி சொல்ல வேண்டிய வாசகமும் அதேதான் அல்லவா? மகள் என்னைப் பார்த்தாள். "அம்மாதான் அப்பா" என்றாள். நான் அரை நிமிடம் யோசித்துவிட்டுத் தலையசைத்தேன்.

மனைவி ஒன்றும் பேசவில்லை. முதலில் கையிலிருந்த மூன்று சீட்டுகளையும் ஒவ்வொன்றாக மேசைமேல் விரித்தாள்: இஸ்பேட் நான்கு, கிளாவர் ஏழு, கிளாவர் ஒன்பது. பிறகு பாத்திரச் சீட்டைத் திருப்பினாள், ஆர்ட்டின் ராஜா. மகள் புளியங்கொட்டையை இரண்டு கோடு நகர்த்தி 25இல் வைத்தாள். கரை உடைந்தது. அப்படியானால் ஜாக்கி மகளிடமா என்று நான் அவளை ஏறிட்டுப் பார்க்க, அவள் டைமண்ட் ராஜாவைக் காட்டினாள். அளவுகோலுக்குப் பக்கத்தில் ஒரு மணி நேரமாகக் கவிழ்ந்து கிடந்த வெளிச் சீட்டைத் திருப்பினோம். இஸ்பேட் ஜாக்கி அதில்தான் இருந்தது. அன்று எங்களில் துரோகி என்று ஒருவருமே இல்லை. ஒரு பெண் மூன்று முறை சொன்ன உண்மையை நம்பாமல் நாங்கள் இருவரும் சேர்ந்து கரையை உடைத்திருந்தோம். ராத்திரி படுக்கும்போதும் எனக்கு நெஞ்சில் அது உறுத்திக்கொண்டிருந்தது. மறுநாள் காலையில் காபி கொடுக்கும்போது, "இன்று சாயங்காலம் மறுபடி போடலாம்" என்று அவள்தான் சொன்னாள்.

இனி உங்கள் இருவருக்குமான கணக்கு. அடுத்த ஜூனில் மகள் மேற்படிப்புக்குப் புனே போகப் போகிறாள், நாங்களும் இருவராகிவிடுவோம். ஆகவே இதை எனக்காகவும் சேர்த்துத்தான் சோதித்துப் பார்த்தேன். இருவர் ஆடும்போது கட்டிலிருந்து இரண்டு சீட்டுகள் சேர்க்க வேண்டும். ஒன்று மட்டும் சேர்த்தால், நான் சிவப்புப் போட்டு மற்ற இரண்டும் கறுப்பாக வந்ததும் எதிராளி மாட்டிக்கொள்வார். அவர் கறுப்புப் போடும் இரண்டு தடவைக்கு ஏறக்குறைய ஒரு தடவை இப்படி ஆகும். இரண்டு சேர்த்தால் நான்கு தடவைக்கு ஒரு தடவைதான் அப்படி வெளிப்படையாகப் பிடிபடுவார். நீர்மட்டத்தை 18இல் தொடங்கு. மதகைத் திறக்க ஒரு கை குறைகிறது, மழை குறையவில்லை.

பாத்திரச் சீட்டு எத்தனை என்பதில் எங்களுக்குள் வாக்குவாதமே நடந்தது. இரண்டு ராஜா, ஒரு ஜாக்கி என்று மூன்று சீட்டு வைத்து முதலில் ஆடினோம். என்னிடம் ராஜா இருந்தால், எதிரே ஜாக்கி இருக்கச் சரிபாதி வாய்ப்பு. அதில் முதல் கறுப்பு விழுந்ததுமே சந்தேகம் முற்றிவிடுகிறது, நம்புவதற்குக் காரணமே இல்லாமல் போகிறது. மூன்று ராஜா, ஒரு ஜாக்கி என்று நான்கு வைத்தால் இருவரில் ஒருவர் உட்பகையாக இருப்பது இரண்டு ஆட்டத்துக்கு ஒன்று. ராஜா வைத்திருப்பவர் பார்வையில் எதிராளி ஜாக்கியாக இருக்க மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பு. நம்பித் தொடங்குவதுதான் புத்திசாலித்தனம், அந்த நம்பிக்கையை ஆட்டத்தின் போக்குதான் அசைக்க வேண்டும். இதைத்தான் நான் பரிந்துரைப்பேன். இருவர் ஆட்டத்தில் குற்றம் சாட்ட மூன்றாமவர் சம்மதம் என்று ஒன்று இல்லாததால், நான்காம் சுற்று முடியும்வரை யாரும் சுட்டக் கூடாது என்று வைத்துக்கொள்.

ஜாக்கி உன் கையில் வந்தால் ஒன்றை மட்டும் நினைவில் வை. முதல் இரண்டு சுற்று மனதாரச் சிவப்பே போடு. அப்படிச் செய்தால் கறுப்பு தானாகக் கையில் சேரும், சுட்டுவதற்கான நேரம் வரும்போது உன்மேல் நல்ல பெயரும் சேர்ந்திருக்கும். எடுத்த எடுப்பில் கறுப்பாகக் கொட்டுகிறவரைத் தங்கச்சி ஒரு பார்வையில் கண்டுபிடித்துவிடுவாள். இருபத்தைந்து ஆண்டுகள் உன் முகத்தைப் படித்தவள். அவளிடம் ஜாக்கி இருந்தால் என்ன செய்வாள் என்று யோசித்துப் பார்க்கிறேன். எனக்குத் தெரிந்தவரை ஒன்றும் பேசாமல் முறுக்குத் தட்டை உன் பக்கம் நகர்த்துவாள்.

மகள் அட்டையில் வரைந்த பாத்திரச் சீட்டுகள் நான்கை இதோடு வைத்திருக்கிறேன். மூன்றில் கையில் அரிக்கேன் விளக்கோடு கரையில் நிற்கும் ஆள், ஒன்றில் அதே ஆள், விளக்கு மட்டும் அணைந்திருக்கும். பின்புறம் நான்கும் ஒன்றுபோலவே இருக்கின்றனவா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் அனுப்புகிறேன்; ஒரு மூலை மடங்கியிருந்தாலும் தங்கச்சி அதை மனப்பாடம் செய்துவிடுவாள். முதல் ஆட்டம் முடிந்ததும், எட்டாம் சுற்றில் தண்ணீர் எத்தனை அடியில் நின்றது, வெளிச் சீட்டில் யார் இருந்தார் என்ற இரண்டையும் மறக்காமல் எழுது.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்