கிழிக்கும் முன் ஒரு நிமிடம்

ஆசிரியர் அவர்களுக்கு, தண்டையார்பேட்டையில் எங்கள் தெருமுனை அறிவிப்புப் பலகையைத் தாண்டித்தான் தினமும் ரேஷன் கடைக்குப் போகிறோம், ஆனால் நின்று படிப்பவர் யாருமில்லை, நானும் சேர்த்துத்தான். போன வாரம் மழைக்கு ஒதுங்கியபோதுதான் பார்த்தேன். டியூஷன் நோட்டீஸுக்கு அடியில் ஒரு கண்ணீர் அஞ்சலி, அதற்கும் அடியில் துருப்பிடித்த குண்டூசியில் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போது யாரோ கையால் எழுதிக் குத்திய தாள். எந்தச் சந்தில் தண்ணீர் முதலில் ஏறும், முகாம் எந்தப் பள்ளியில், கூடவே மாநகராட்சியின் 1913 உதவி எண். பாதி மை கரைந்துவிட்டது. அன்று இருட்டில் இதைத்தான் வீடு வீடாகக் கேட்டுக்கொண்டிருந்தோம்!

பழசெல்லாம் பொக்கிஷம் என்று சொல்லவில்லை. ‘வரும் ஞாயிறு கண் பரிசோதனை முகாம்’ என்று தேதியே போடாத ஒரு நோட்டீஸை நம்பி மாமியாரை ஆட்டோவில் கூட்டிப்போய், பூட்டிய கேட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன், அது எந்த வருஷத்து ஞாயிறோ.

பலகையைப் பார்த்துக்கொள்பவர்கள் ஒட்டும்போதே தேதி போடட்டும், முடிந்ததை எடுக்கட்டும். அந்தப் புயல் தாளை மட்டும் அக்டோபரில் பருவமழை தொடங்குவதற்குள் தெளிவாகத் திருப்பி எழுதி மாட்டுங்கள், ஸ்கெட்ச் பேனா நான் தருகிறேன்.

- ஒரு வாசகி, தண்டையார்பேட்டை