மூத்தவர்களின் மரண அறிவிப்பில் தோட்டத்தின் பெயர் எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் நாளிதழில் வரும் கிறிஸ்தவ மூத்தவர்களின் மரண அறிவிப்புகளை ஒரு மாதம் சேர்த்து வைத்துப் பார்த்தால், படமும் பெயரும்தான் மாறுகின்றன. ‘கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்’, 2 தீமோத்தேயு 4:7, மக்கள் மருமக்கள் பேரப்பிள்ளைகள் பட்டியல், ஆராதனை நேரம், அவ்வளவுதான். 90 வயது வரை வாழ்ந்து, ஏழெட்டுப் பிள்ளைகளை ரப்பர் பால் வெட்டியே கரைசேர்த்தவர் எந்தத் தோட்டத்தில் இருந்தார் என்பதுகூட இல்லை. அடக்க ஆராதனையில் வாசிக்கப்படும் வாழ்க்கைக் குறிப்புக்கும் பெரும்பாலும் இதே கதிதான். மலேசியாவில், பேராக்கின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் சபைப் பதிவேடுகளோடு புழங்குகிறவர்கள் என்ற முறையில் குடும்பத்தாருக்குச் சில விஷயங்களைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

குறிப்பு எழுதும் வேலையைப் பெட்டி வந்த பிறகு தொடங்காதீர்கள். அன்றைக்கு வீட்டில் போலீஸ், அடக்க அனுமதி, பந்தல், சாப்பாடு என்று ஓட்டம். நள்ளிரவில் யாரோ ஒரு பேரன் கைப்பேசியில் தட்டியதுதான் மறுநாள் அச்சுக்குப் போகிறது. அப்பாவோ தாத்தாவோ உட்கார்ந்து பேசும் நிலையில் இருக்கும்போதே கேட்டுவிட வேண்டும்.

‘எந்த வருஷம்ப்பா?’ என்று கேட்டால் ‘அதெல்லாம் யாருக்கு ஞாபகம்’ என்றுதான் பதில் வரும். நடந்ததை வைத்துக் கேளுங்கள். ஜப்பான்காரன் காலத்தில் வீட்டில் யார் யார் இருந்தார்கள்? சயாம் மரண ரயில் பாதை வேலைக்கு யாரைப் பிடித்துப் போனார்கள், யார் திரும்பினார்கள்? 1948 ஜூன் 16-இல் நம் ஊர் எல்பில், பின் சூன் தோட்டங்களில் துரைமார் மூவர் சுடப்பட்டு அவசரகாலம் (கம்யூனிஸ்டுகளுக்கு எதிரான சட்டகாலம்) வந்தபோது எந்த லயத்தில் (தோட்டத்து வரிசை வீட்டில்) குடியிருந்தீர்கள்? கல்யாணம் மெர்டேக்காவுக்கு (1957 சுதந்திரத்துக்கு) முந்தியா பிந்தியா? 1969-க்குப் பிறகு குடியுரிமை இல்லாத சிவப்பு ஐசிக்காரர்களிடம் (ஐசி என்றால் அடையாள அட்டை) வேலை பெர்மிட் கேட்டார்களே, அப்போது நம் குடும்பத்தில் யார் ஊருக்குக் கப்பலேறினார்கள்? இவற்றைக் கேட்டு முடிப்பதற்குள் அவருடைய பாதி ஆயுள் வரிசைக்கு வந்துவிடும்.

அதிகச் சிக்கல் பிறந்த தேதியில்தான். அடையாள அட்டை இந்த நாட்டுக்கு 1948-இல் அவசரகாலத்தோடு வந்தது. பிறப்புப் பத்திரம் கையில் இல்லாதவர்களுக்கு வாயால் சொன்ன வயதே எழுத்தில் ஏறியது. ஞானஸ்நானப் பதிவேட்டிலோ பிறந்த தேதிக்குத் தனிக் கட்டம் உண்டு. கைக்குழந்தையாக ஞானஸ்நானம் பெற்றவர் என்றால் அந்தத் தேதியையே நம்பலாம். இரண்டும் ஒத்துப்போகவில்லையா? சேமநிதி, வங்கி, நிலம் போன்ற காரியங்களுக்கு ஐசியில் உள்ளதையே பிடித்துக்கொள்ளுங்கள். வாழ்க்கைக் குறிப்பில் பதிவேட்டுத் தேதியைப் போட்டு, ஐசியில் வேறு தேதி என்று ஒரு வரி சேர்த்தால் போதும். பத்திரிகையில் ஒரு வயது, கல்லறையில் ஒரு வயது என்று பொறித்துவிட்டால் பின்னால் எவராலும் அவிழ்க்க முடியாது.

தோட்டத்துக் கோயில் மூடப்பட்டிருந்தால் பதிவேடு பெரும்பாலும் தாய்ச் சபைக்கோ பங்குக் கோயிலுக்கோ போயிருக்கும். அங்கே அவர் பெயரைத் தேடினால் கிடைக்காமல் போகலாம். ஞானஸ்நானத்தில் ஞானமுத்து, ஐசியில் முத்து, லயத்தில் சின்னத்தம்பி என்று ஒருவருக்கே மூன்று பெயர் இருக்கும். அவருடைய தகப்பனார் பெயர், தோட்டம், உத்தேச வருஷம் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு போய், தகப்பன் பெயர்க் கட்டத்தில் விரலை ஓட்டுங்கள். கத்தோலிக்கர்களுக்கு ஒரு வசதி உண்டு. ஞானஸ்நானப் பதிவின் ஓரத்திலேயே உறுதிபூசுதலையும் திருமணத்தையும் குறிக்கும் வழக்கம் அவர்களுடையது. மற்றச் சபைகளில் திடப்படுத்தலுக்கும் விவாகத்துக்கும் தனித்தனிப் புத்தகம். இப்போதைய திருமணச் சட்டம் நடப்புக்கு வந்தது 1982 மார்ச் 1-இல். அதற்கு முந்திய கோயில் கல்யாணம் என்றால் முதலில் கோயில் விவாகப் பதிவேட்டைப் பாருங்கள்.

‘தோட்டத் தொழிலாளி’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவதும் சரியில்லை. பால் வெட்டினாரா, புல் வெட்டினாரா, மருந்து அடித்தாரா, ஸ்டோரில் இருந்தாரா? வீட்டு ஜெபம் எத்தனை மணிக்கு என்பதே அதைப் பொறுத்ததுதான். வெயில் ஏறுவதற்கு முன்தான் பால் நன்றாக ஓடும். அதனால் பால்வெட்டுக்காரருக்கு விடியுமுன்பே பெரட்டு (ஆள்கணக்கு எடுக்கும் அணிவகுப்பு). 400, 500 மரம் வெட்டி, பால் எடுத்து, ஸ்டோரில் எடை போட்டுத் திரும்புகிறவருக்குக் குடும்ப ஜெபம் இரவில், மண்ணெண்ணெய் விளக்கில்தான். புகைக் கொட்டகையில் நெருப்புப் பார்த்தவருக்கு வேறு கணக்கு. ரப்பர் ஷீட் காய நாலைந்து நாளாகும். அதுவரை சூடு இறங்கினால் பூஞ்சணம், மிஞ்சினால் கொப்புளம். இரண்டிலும் ஷீட்டுக்கு மதிப்புக் குறைந்துவிடும். சபைப் பெரியவராக இருந்தவர் ஏன் சில ஞாயிறுகளில் கோயிலுக்கு வரவில்லை என்று பேரப்பிள்ளைகள் இன்று குழம்புகிறார்கள். கொட்டகையில் முறை மாற்ற ஆள் இருந்ததா என்று விசாரித்துப் பாருங்கள்.

‘ஜெபவீரர்’, ‘விசுவாச வீரர்’ எல்லாம் எல்லாருக்கும் போடுகிற பட்டம். போதகர் மாதம் ஒருமுறை வந்துபோன தோட்டத்தில் மற்ற வாரங்களில் ஜெபம் வாசித்தது யார்? கூட்டம் எந்த லயத்தில், யார் வீட்டில் நடந்தது? ஆர்மோனியம் வாசித்தது யார்? அறுப்பின் பண்டிகைக்கு அவர் வீட்டிலிருந்து மரவள்ளி போனதா, கோழி போனதா? இதை எழுதினால் பட்டம் தேவைப்படாது. வசனமும் அப்படியே. அவருடைய வேதாகமத்தில் கோடு போட்டிருக்கும் இடத்தைப் புரட்டி எடுங்கள். பழைய கத்தோலிக்கப் பதிப்புகளில் சங்கீத எண் பெரும்பாலும் ஒன்று குறைந்திருக்கும். இப்போதைய 23 அங்கே 22.

மனைவி பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. ‘அன்னாரின் துணைவியார்’ என்பதோடு பல குறிப்புகள் நின்றுவிடுகின்றன. பிள்ளையை ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டு அதே பெரட்டில் நின்றவர் அந்த அம்மா. அவருக்கு ஒரு பத்தியாவது வேண்டும்.

விற்றும் துண்டாடியும் தோட்டங்களின் பெயர்கள் மாறிவிட்டன. ஆங்கிலப் பெயர், நம் சனங்கள் கூப்பிட்ட பெயர், இப்போது அங்கே இருப்பது செம்பனையா வீடமைப்பா, எல்லாவற்றையும் எழுதுங்கள். செக்ரோல் (தோட்டத்து வருகை, சம்பளப் பேரேடு) கிடைப்பது அபூர்வம். 1951-இல் தொடங்கிய சேமநிதியின் பழைய கடிதம், தொழிற்சங்கச் சந்தா அட்டை, 1960-இல் துன் சம்பந்தன் தொடங்கிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தின் பங்குப் பத்திரம் ஆகியவை அலமாரியில் இருக்கிறதா என்று பாருங்கள். ஐசி படத்தைப் பெரிதாக்கினால் முகம் கலங்கிவிடும். கல்யாணப் படத்தை 600 டிபிஐயில் ஸ்கேன் செய்யலாம். ஆராதனையில் வாசிக்க 400 சொல் போதும், நிதானமாக வாசித்தால் ஐந்து நிமிடம்.

ஆசிரியர் அவர்களிடம் ஒரு வேண்டுகோள். அறிவிப்பு கொடுக்க வருகிறவர்களிடம் பிறந்த தோட்டம், வேலை செய்த தோட்டம், அடக்கம் செய்யும் கல்லறை ஆகிய மூன்றையும் தங்கள் விளம்பரப் பிரிவே கேட்டு வாங்கட்டும். தோட்டம் கைமாறிய பின் இடுகாட்டுப் பாதை அடைபடுவது உண்டு. நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்கு வெளியூரிலிருந்து வருகிற பிள்ளைகள் எந்த வரிசை என்று தெரியாமல் லாலான் புல்லுக்குள் தேடுகிறார்கள். கல்லறையின் பெயரும் வரிசையும் ஒரே வரியில் அடங்கிவிடும். அந்த ஒரு வரிக்குக் கட்டணம் வாங்காமல் விட்டால் இன்னும் நல்லது.

இப்படிக்கு,
சபைப் பதிவேட்டுப் பொறுப்பாளர்கள் சிலர்,
சுங்கை சிப்புட், பேராக்.