வால்வு அம்பிளிபயரை இரும்புக்குப் போடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

யாழ்ப்பாணம் கொக்குவிலில் நாற்பது வருடமாக றேடியோ திருத்துகிறேன். போன கிழமை ஒரு தம்பி உள்ளங்கை அளவு அம்பிளிபயர் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தார். தகப்பனார் வைத்திருந்த வால்வு அம்பிளிபயர், அதாவது கண்ணாடிக் குழாய்களால் சத்தத்தைப் பெருக்கும் பழைய பெட்டி, இரைகிறது என்று அதைப் பழைய இரும்புக்குப் போடப் போகிறாராம். மறித்துவிட்டேன்.

சின்னதைக் குறை சொல்லவில்லை. அதிலுள்ள 'டி' வகுப்பு சிப், மின்சாரத்தை மிக வேகமாகத் திறந்து மூடிச் சத்தத்தைப் பெருக்கும் வகை. அது மின்சாரத்தை அதிகம் வீணாக்காது, பெரிதாகச் சுடாது, மோட்டார் சைக்கிள் பற்றரியிலும் பாடும். 90களில் போர்க்காலத்தில் கரண்ட் இல்லாமல் சைக்கிள் டைனமோவைச் சுற்றி றேடியோ கேட்ட எங்களுக்கு அதன் அருமை தெரியும். ஆனால் 50 வாட் என்று அச்சடித்திருப்பதை நம்பி வாங்காதீர்கள். 12 வோல்ட் அடாப்டரில், ஒரு 8 ஓம் ஸ்பீக்கருக்குச் சுத்தமாக வருவது கூடினால் 9 வாட்தான்.

தம்பியின் பழைய பெட்டியில் இரண்டு ஈ.எல்.84 வால்வுகள். இழை சிவந்து சற்று நேரம் கழித்துத்தான் சத்தம் வரும். நாதஸ்வரம் உச்சிக்கு ஏறும்போது சக்தி போதாவிட்டால் சிப் சட்டென்று கரகரக்கும். வால்வு மெதுவாகத்தான் பிசகும். காதுக்கு அது உறுத்தாது. இரைச்சலுக்குக் காரணம் மின்னைச் சேமித்து வைக்கும் கொண்டென்சர்களில் இரண்டு காய்ந்துபோனது மட்டுமே. மாற்றினேன், நின்றுவிட்டது.

வீட்டில் இப்படி ஒன்று இருந்தால் நீங்களாகத் திறக்க வேண்டாம். பிளக்கைக் கழற்றிய பிறகும் அந்தக் கொண்டென்சர்களில் 300 வோல்ட் அளவுக்குக்கூடத் தேங்கி நிற்கலாம். தெரிந்தவரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

றேடியோ திருத்துநர்,
கொக்குவில்.