கல்யாண மண்டபத்துப் பத்தாம் வகுப்பும் நாங்கள் பட்டிருக்கும் கடனும்

அன்புடையீர், வணக்கம்.

பிள்ளைகளின் பரீட்சை முடிந்து ரிசல்ட்டும் வந்துவிட்டது. இனியும் தள்ளிப்போட்டால் நன்றாக இருக்காது என்று பெற்றோர்கள் சேர்ந்து என்னை இந்த நன்றி மடலை எழுதச் சொன்னார்கள். என் மகள் பத்தாம் வகுப்பு, மகன் நான்காம் வகுப்பு. இருவரும் பாதி வருடத்தில் மூடிப்போன அந்தப் பள்ளியில்தான் படித்தார்கள், அதனால் பெரிய பிள்ளைகளின் பாடும் சின்னப் பிள்ளைகளின் பாடும் எனக்குத் தெரிந்திருக்கும் என்பது அவர்கள் கணக்கு.

பள்ளியின் பெயரை எழுதவில்லை. விவகாரம் வழக்கில் இருக்கிறது, பெயர் வேண்டாம் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார். அவர் சொல்லாவிட்டாலும் ஒரு நன்றி மடலில் அந்தப் பெயருக்கு இடம் கொடுத்திருக்க மாட்டேன்.

வெளியூர்க்காரர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கோவையில் ஒரு சி.பி.எஸ்.இ. பள்ளி. ஏ.சி. வகுப்பறை, நீச்சல் குளம், குதிரையேற்றம், வருடத்துக்கு 2 லட்சத்துக்கு மேல் கட்டணம், சேரும்போது திருப்பித் தருவதாகச் சொல்லி டெபாசிட். ஐந்து வருடக் கட்டணத்தை மொத்தமாகக் கட்டினால் தள்ளுபடி என்று ஒரு திட்டமும் இருந்தது. நகையை வைத்துக் கட்டியவர்கள் எங்களில் உண்டு. கட்டடத்துக்கு வாங்கிய வங்கிக் கடன் நின்றுபோய், ஐப்பசி கடைசியில் வாயில் கதவில் நோட்டீஸ் ஒட்டினார்கள். கார்த்திகையில் சீல் வைத்துவிட்டார்கள். நிர்வாகத்தின் போன் எதுவும் எடுக்கப்படவில்லை. அவ்வளவுதான் கதை. இனி நன்றி.

முதல் நன்றி ஏழாம் வகுப்புப் பையன் ஒருவனின் தாத்தாவுக்கு. வங்கியில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். காலையில் பேப்பரை விளம்பரம் விடாமல் படிக்கும் பழக்கம் உள்ளவர். கடனுக்காகச் சொத்தை எடுத்துக்கொள்ளும் வங்கி, 2002ஆம் ஆண்டின் சர்ஃபாசி சட்டப்படி இரண்டு நாளிதழ்களில் அறிவிப்புப் போட வேண்டும், அதில் ஒன்று உள்ளூர் மொழியில் இருக்க வேண்டும். அந்தச் 'சுவாதீன அறிவிப்பு' விளம்பரங்களை யார் படிக்கிறார்கள்? பொடி எழுத்தில் சர்வே எண்ணும் சதுர அடியும் மட்டுமே இருக்கும். தாத்தா படித்தார். சர்வே எண்ணைப் பார்த்தார். பேரனின் பள்ளி இருக்கும் இடம் என்று தெரிந்ததும் அன்று மாலையே வேன் நிற்கும் இடத்துக்கு வந்து, கையில் அந்தத் துண்டுப் பேப்பரோடு ஒவ்வொருவரிடமும் பேசினார். சீல் வைப்பதற்கு முன்னால் எங்களுக்குக் கிடைத்த கொஞ்ச அவகாசம் முழுக்க அவரால் வந்தது.

அந்த அவகாசத்தை வீணாக்காமல் காப்பாற்றியவர் பள்ளி அலுவலகத்தில் வேலை பார்த்த அக்கா. தமிழ்நாட்டில் ஒரு பிள்ளை வேறு பள்ளிக்கு மாற வேண்டுமென்றால் கையில் டி.சி. இருந்தால் மட்டும் போதாது. எமிஸ் என்ற கல்வித் துறையின் மாணவர் விவரத் தளத்தில் பழைய பள்ளி அந்தப் பிள்ளையின் பெயரை 'காமன் பூல்' என்ற பொதுப் பட்டியலுக்கு விடுவித்தால்தான் புதிய பள்ளி எடுத்துக்கொள்ள முடியும். பள்ளியே இல்லையென்றால் விடுவிப்பது யார்? அக்காவிடம் லாகின் இருந்தது. பள்ளியின் இன்டர்நெட்டைத் துண்டித்திருந்தார்கள். தன் போனில் ஹாட்ஸ்பாட் போட்டு, ஒவ்வொரு பிள்ளையாக விடுவித்துக்கொண்டே போனார். முதல்வர் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து டி.சி.யில் கையெழுத்துப் போட்டார். பிறந்த தேதியில் ஓர் எண் மாறினாலும் பின்னால் அவஸ்தை என்று, ஆதாரோடு ஒத்துப் பார்க்காமல் அக்கா ஒன்றையும் விடவில்லை. "நெட் பேக் தீர்ந்துபோச்சுங்க, யாராவது ரீசார்ஜ் பண்ணி விடுங்க" என்றார். அதைத் தவிர அவர் எங்களிடம் எதுவும் கேட்கவில்லை. அப்போது அவருக்கு நான்கு மாதச் சம்பளம் பாக்கி.

சின்னப் பிள்ளைகள் அக்கம்பக்கத்துப் பள்ளிகளுக்குப் பிரிந்து போனார்கள். இரண்டு தனியார் பள்ளிகள் மீதி வருடத்துக்குக் கட்டணமே வேண்டாம் என்றன. அவர்களுக்குக் கைகூப்பிய வணக்கம். (கார்த்திகை மாதத்தில் முழு வருட அட்மிஷன் ஃபீஸ் கேட்டவர்களும் இருந்தார்கள். அவர்களுக்கும் வணக்கம், வேறு மாதிரி.)

என் மகன் வீட்டுக்கு அருகில் இருக்கும் அரசு தொடக்கப் பள்ளியில் சேர்ந்தான். அன்று டி.சி. கைக்கு வந்திருக்கவில்லை. தலைமையாசிரியை டீச்சரிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். "டி.சி. தாமதமாகுதுன்னு சேர்க்க மாட்டேன்னு சொல்ல எனக்கு உரிமையே இல்லைங்க" என்றார். 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 5ஆம் பிரிவு அதைத்தான் சொல்கிறது என்று பிறகு தெரிந்துகொண்டேன். காரில் வந்து இறங்கிய எங்களை அவர் ஒரு மாதிரிப் பார்த்திருக்கலாம், பார்க்கவில்லை. மகனுக்குத் தமிழ் எழுத்து தடுமாறும் என்றேன். ஒரு நோட்டை எடுத்துக் கொடுத்து, "சாமி, இன்னிக்கு ண, ன, ந மட்டும் போதும்" என்று உட்கார வைத்தார். வகுப்பில் அதை அவனுக்குப் பக்கத்துப் பையன்தான் சொல்லிக் கொடுத்தான் என்று அப்புறம் கேள்விப்பட்டேன். காலை உணவுத் திட்டத்தில் அங்கே சமைக்கும் அக்காமாருக்கும் என் வீட்டில் ஒரு ரசிகன் இருக்கிறான். புதன்கிழமைப் பொங்கலுக்காக ஏழு மணிக்கே கிளம்பி நிற்கிறான். பழைய பள்ளியில் காலையில் அவனை எழுப்புவதே ஒரு போராட்டம்.

பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும்தான் சிக்கல். ஒன்பதிலும் பதினொன்றிலும் எந்தப் பள்ளி வழியாக வாரியத்தில் பதிவானார்களோ, பொதுத் தேர்வுக்கும் அந்தப் பள்ளியின் பெயரில்தான் பட்டியல் போயிருந்தது. பாதி வருடத்தில் அவர்களை இன்னொரு பள்ளி சும்மா சேர்த்துக்கொள்ள முடியாது. பத்தாம் வகுப்பில் ஒவ்வொரு பாடத்திலும் 20 மதிப்பெண் உள்மதிப்பீடு. பன்னிரண்டில் இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் செய்முறை 30. இதையெல்லாம் யார் நடத்துவது, யார் ஏற்றுவது? மாவட்டக் கல்வி அலுவலகத்தில் இருந்தவர்களும், சென்னை அண்ணா நகரில் இருக்கும் சி.பி.எஸ்.இ. மண்டல அலுவலகத்தில் எங்கள் கடிதங்களை எடுத்துப் படித்தவர்களும், செய்முறைத் தேர்வுக்குத் தங்கள் ஆய்வகத்தைத் திறந்துவிட்ட பக்கத்துப் பள்ளியும் சேர்ந்துதான் அதற்கு வழி செய்தார்கள்.

அந்த அலுவலகங்களுக்கெல்லாம் எப்படிப் போவது என்பதே எங்களில் பலருக்குத் தெரியாது. இதைச் சொல்லியாக வேண்டும். கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத இலவச ஒதுக்கீட்டில் எங்கள் பள்ளியில் படித்த பிள்ளைகளின் அம்மாக்கள்தான் எங்களைக் கூட்டிக்கொண்டு போனார்கள். திங்கள்கிழமை கலெக்டர் ஆபீஸில் குறைதீர்க்கும் கூட்டம், எத்தனை மணிக்கு டோக்கன், எந்தக் கவுன்டரில் மனுவைப் பதிவு செய்து ரசீது வாங்க வேண்டும் என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. சீட்டு வாங்குவதற்காக வருமானச் சான்றுக்கும் சாதிச் சான்றுக்கும் தாலுகா ஆபீஸ் படி ஏறி இறங்கியவர்கள். ஆண்டு விழாவில் பின் வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள், கலெக்டர் ஆபீஸில் எங்களுக்கு முன்னால் நடந்தார்கள். இத்தனைக்கும் பெரிய அடி அவர்களுக்குத்தான். அந்த இலவச இடம் அந்தப் பள்ளியோடு போயிற்று. புதிதாக இடம் கிடைப்பது எல்.கே.ஜி., ஒன்றாம் வகுப்பு போன்ற நுழைவு வகுப்பில்தான், மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு யார் தருவார்கள்?

கலெக்டர் ஆபீஸ் வாசலில் மனு எழுதும் பெரியவர் ஒருவர் உண்டு. எங்களில் ஐ.டி. வேலை பார்ப்பவர்கள் சேர்ந்து எட்டுப் பக்கத்துக்கு ஆங்கிலத்தில் ஒரு கடிதம் தயாரித்துக் கொண்டுபோயிருந்தோம். மூக்குக் கண்ணாடியை இறக்கிப் பார்த்துவிட்டு, "இதை யாருங்க படிப்பாங்க? உங்களுக்கு என்ன வேணும், அதைச் சொல்லுங்க" என்றார். பரீட்சை எழுத வழி, டி.சி., பணம் என்று மூன்றையும் தனித்தனி மனுவாக, ஒவ்வொன்றும் ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்தார். எந்த மனு எந்த அலுவலகத்துக்குத் திரும்பி வரும் என்பதையும் ஓரத்தில் பென்சிலால் குறித்தார். அப்படியே நடந்தது. பேப்பர் காசுக்கு மேல் வாங்கிக்கொள்ளவில்லை.

அடுத்து மண்டபம். வகுப்பு நடத்த இடம் தேடி அலைந்தபோது, பள்ளிக்கு அருகில் கல்யாண மண்டபம் வைத்திருப்பவர் தானாகக் கூப்பிட்டார். "மார்கழி பூரா பூட்டித்தானுங்க கெடக்கும். புள்ளைங்க படிச்சுட்டுப் போகட்டும். கரண்டு பில்லெல்லாம் நான் பாத்துக்கறேன்." சாப்பாட்டு ஹாலில் பத்தாம் வகுப்பு, மேடையில் பன்னிரண்டு. கரும்பலகை கிடையாது. கணக்கு சார் பந்தி மேசையில் விரிக்கும் பேப்பர் ரோலை எடுத்து, மேசை நீளத்துக்கு விரித்து, ஒரு முனையில் கணக்கைத் தொடங்கி மறுமுனையில் விடையை எழுதுவார். பிள்ளைகள் இருபுறமும் நின்றபடி கூடவே நகர்வார்கள். முடிந்ததும் கிழித்துச் சுருட்டி யாராவது ஒருத்தர் வீட்டுக்கு எடுத்துப் போவார்கள். எங்கள் வீட்டுப் பரணில் முக்கோணவியல் ஒரு கட்டு கிடக்கிறது.

தை பிறந்து முகூர்த்தங்கள் ஆரம்பித்ததும் அந்த நாட்களில் மட்டும் மாடியில் இருந்த மணமகன் அறைகளுக்கு மாறினார்கள். கீழே கெட்டிமேளம், மேலே கரிம வேதியியல். சத்தத்துக்கு முதலில் பயந்தோம். ஆனால் கல்யாண வீட்டுக்காரர்கள் விஷயத்தைக் கேள்விப்பட்டு, பிள்ளைகளையும் மிஸ்களையும் பந்தியில் உட்கார வைக்காமல் அனுப்பவே இல்லை. யார் வீட்டுக் கல்யாணம் என்றுகூடச் சரியாகத் தெரியாது. அந்தத் தம்பதிகள் எல்லாரும் நன்றாக இருக்க வேண்டும்.

வங்கிக்கும் நன்றி சொல்கிறேன் என்றால் சிலருக்குக் கோபம் வரும். சொல்லித்தான் ஆக வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பின் ரெக்கார்டு நோட்டுகள் சீல் வைத்த ஆய்வகத்துக்குள் மாட்டிக்கொண்டன. ரெக்கார்டு இல்லாமல் செய்முறைத் தேர்வுக்கு எப்படிப் போவது? கிளையில் இருந்த ஓர் அதிகாரி மேலிடத்தில் அனுமதி வாங்கி, அரை நாள் கதவைத் திறந்துவிட்டு, தானும் வந்து நின்றார். வாட்ச்மேன் அண்ணனுக்கு எந்த அலமாரியில் எது என்று தெரிந்திருந்ததால் வேலை சீக்கிரம் முடிந்தது. அவர் அப்படியே சின்னப் பிள்ளைகள் விட்டுப்போன டிபன் பாக்ஸ்களையும் ஒரு சாக்கில் அள்ளிக்கொண்டு வந்தார்.

வேன் ஓட்டும் அண்ணன்களுக்குப் பள்ளி வைத்திருந்த பாக்கி தனி. அப்படியும் டீசல் காசுக்கு மண்டபத்துக்கு வண்டி ஓட்டினார்கள். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு மூலம் வந்த வக்கீல் அம்மாவுக்கும் நன்றி. 1987 சட்டப்படி பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு என்பதே அவர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும்.

கடைசியாக ஆசிரியர்கள். அவர்களுக்கு வெறும் நன்றி சொன்னால் போதாது, அதனால் கடைசியில் வைத்தேன். மண்டபத்தில் தொடர்ந்து பாடம் நடத்திய எல்லாருக்கும் பல மாதச் சம்பளம் பாக்கி. சம்பளத்தில் 12 சதவீதம் பி.எஃப். என்று பிடித்திருக்கிறார்கள். பி.எஃப். கணக்கின் பாஸ்புக்கைத் திறந்து பார்த்தால் பணம் ஏறவில்லை. ஐந்து வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவர்களுக்குப் பணிக்கொடையும் உண்டு, அதுவும் வரவில்லை. வேதியியல் மிஸ் காலையில் மண்டபம், மாலையில் ஜவுளிக் கடை பில்லிங் என்று இருந்தார். இதை அவர் சொல்லவில்லை. துணி எடுக்கப் போன என் மகள் பார்த்துவிட்டு வந்து சொன்னாள்.

பெற்றோர் கூட்டத்தில் இதைப் பற்றி ஒரு சண்டை நடந்தது. சொத்து ஏலம் போனால் வங்கி எடுத்தது போக மிச்சம் கொஞ்சம்தான் இருக்கும், அதில் ஆசிரியர்களும் பங்கு கேட்டால் நமக்கு டெபாசிட் எப்படி வரும் என்று சிலர் கேட்டார்கள். எனக்கும் பணம் போயிருக்கிறது, கோபம் புரிகிறது. ஆனால் நாங்கள் கட்டியது கட்டணம், அவர்கள் கொடுத்தது வேலை, அதுவும் பள்ளி மூடிய பிறகும். பி.எஃப். பாக்கிக்குச் சட்டமே மற்றக் கடன்களுக்கு மேல் முன்னுரிமை கொடுக்கிறது என்று வக்கீல் அம்மா விளக்கிய பிறகு சத்தம் குறைந்தது. எங்கள் மனுவில் இப்போது முதல் கோரிக்கை ஆசிரியர், அலுவலர், ஓட்டுநர் சம்பளப் பாக்கி. டெபாசிட் அதற்கு அடுத்துத்தான். கையெழுத்துப் போட மறுத்தவர்கள் சிலர் இன்னும் இருக்கிறார்கள், அவர்களோடு பேசிக்கொண்டிருக்கிறோம்.

ஆகவே மிஸ்களுக்கும் சார்களுக்கும் அலுவலக அக்காவுக்கும் வேன் அண்ணன்களுக்கும் ஒரு வேண்டுகோள். வேலையில் சேர்ந்த உத்தரவு, கடைசியாக வந்த சம்பளச் சீட்டு, சம்பளம் ஏறிய வங்கிக் கணக்கின் நகல், பி.எஃப். இருந்தால் பாஸ்புக் பிரின்ட் இவற்றை எடுத்து வையுங்கள். சம்பளச் சீட்டு கிடைக்காதவர்கள் வருகைப் பதிவேட்டின் போட்டோ இருந்தால் கொண்டுவாருங்கள். ஞாயிறு காலை பத்து மணிக்கு அதே மண்டபத்தில் இருப்போம். முகூர்த்தம் எதுவும் இல்லை என்று ஓனரிடம் கேட்டாயிற்று. ஜெராக்ஸ் செலவு எங்களுடையது.

இப்படிக்கு,
பெற்றோர்கள் சார்பில்,
பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் அம்மா,
கோவை.